செய்மதியின் திசையறிவு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆகாயத்திலே பூமியைச் சுற்றும் ஒரு செய்மதி எங்கே இருக்கின்றது என்று கேட்டால், அதற்கு விடை கூறுதல் இக்காலத்திற் பெரிய காரியமன்று. தரையிலிருந்து ராடார் கொண்டு அளந்து, நாளைக்கு இந்நேரம் அது எவ்விடத்தில் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால், அச்செய்மதி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றது என்று கேட்டால் விடை அத்துணை எளிதில் வாராது. இடத்தை அறிதல் வேறு. திசைநிலையை அறிதல் வேறு. பனைமரத்தில் இருக்கும் காகம் எந்த ஓலையில் இருக்கின்றது என்பது ஒரு கேள்வி. அது கிழக்கே பார்க்கின்றதா, மேற்கே பார்க்கின்றதா என்பது மற்றொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியையே இன்று நாம் எடுத்துக்கொள்கின்றோம். அதிலும், பெரும்பொருள் செலவிட்டு ஆக்கப்படும் பாரிய செய்மதிகளைக் காட்டிலும், மாணவர் தம் கையாற் செய்யத்தக்க சின்னஞ்சிறு செய்மதிகளைப் பற்றியே பெரிதும் பேசுவோம்.

இப்பொருள் நமக்கு எதற்கு என்று பெரியோர் சிலர் நினைத்தல் கூடும். நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இலங்கைப் பொறியியலாளர் ஆக்கிய முதலாவது செய்மதியாகிய இராவணா-1, யப்பானிலுள்ள கியூசு தொழினுட்பக் கல்வி நிலையத்திற் கட்டப்பெற்று, 2019ஆம் ஆண்டு ஏப்ரில் 17ஆந் திகதி அமெரிக்காவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றது. அவ்வாண்டு யூன் 17ஆந் திகதி, நேபாள நாட்டின் செய்மதியோடும் யப்பானியச் செய்மதியோடும் கூட விண்வெளியில் விடப்பட்டது. அதன் நிறை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். அளவோ ஒரு சாண் நீளமும் இல்லாத சதுரப் பெட்டி. நமது நாட்டையும் அயலையும் படம் பிடித்தலும், தன் திசைநிலையைத் தானே சீர்செய்து பார்த்தலும் அதற்கு இடப்பட்ட பணிகளுள் அடங்கும். தன் காலம் முடிந்து 2021இல் அது காற்றுமண்டலத்துட் புகுந்து எரிந்து மறைந்தது.

படம் பிடிக்க வேண்டுமாயின் கமரா நோக்கும் திசை தெரிந்திருத்தல் வேண்டும். இராவணா-1 விடப்பட்டது ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில். அந்த உயரத்திலிருந்து நேர் கீழே பார்க்கும் கமரா ஒரு பாகை சரிந்தால், தரையில் 7 கிலோமீற்றர் விலகிவிடும். பத்துப் பாகை சரிந்தால் 70 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரைப் பிடிக்க எண்ணிய கமரா மாங்குளத்துக் காட்டைப் பிடித்துக்கொண்டு வரும். முற்றாகக் குப்புற நின்றாலோ, கருவானத்தைத் தவிர வேறொன்றும் அகப்படாது. கமராவுக்கு மட்டுமன்று, சூரிய ஒளியை ஏற்கும் தகடுகளுக்கும், தரையோடு பேசும் அன்ரெனாவுக்கும் இவ்விதியே. ஆதலால், திசையறியாத செய்மதி கண்ணிருந்தும் குருடு, வாயிருந்தும் ஊமை.

விண்வெளி யுகத்தின் முதற் செய்மதிக்கு இக்கவலை இருக்கவில்லை. 1957ஆம் ஆண்டு ஒற்றோபர் 4ஆந் திகதி சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக், 58 சென்ரிமீற்றர் விட்டமும் 83.6 கிலோகிராம் நிறையும் உடைய ஓர் உருண்டை. அது எப்பக்கம் திரும்பினாலும் அதன் ஒலி கேட்டது. அவ்வளவே அதற்கு வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு சனவரி 31இல் அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர்-1 அத்தகையதன்று. அது எழுதுகோல் போல நீண்ட வடிவம். தன் நீள அச்சைப் பற்றிச் சுழன்றுகொண்டே நிலையாகச் செல்லும் என்று எதிர்பார்த்தனர். ஆனால் அதன் வளையுந் தன்மையுள்ள அன்ரெனாக் கம்பிகள் ஆடி ஆடிச் சுழற்சியின் சக்தியைச் சிறிது சிறிதாக உறிஞ்சின. விரைவிலேயே அது நீள அச்சை விட்டு, எறிந்த தடி சுழல்வது போலக் குறுக்கே சுழலத் தொடங்கிற்று. செய்மதியை ஏவிவிட்டால் மட்டும் போதாது, அது எப்படி நிற்கின்றது என்பதையும் ஓயாது கவனித்தல் வேண்டும் என்னும் பாடத்தை ஆரம்பத்திலேயே அது கற்பித்தது.

இனி, திசைநிலையை அறியும் முறைக்கு வருவோம்.

கரையில் நிற்கும் ஒருவன் வடக்கை அறிய வேண்டுமானால் சூரியனைப் பார்ப்பான். இரவானால் துருவ நட்சத்திரத்தைத் தேடுவான். கடலோடிய நம் மீகாமரும் அதைத்தான் செய்தனர். எனினும் தரையில் இருப்பவனுக்கு ஒரு பெரிய உதவி உண்டு. மேல் எது, கீழ் எது என்பது அவனுக்குக் கேளாமலே தெரியும்; கால்கள் சொல்லிவிடும். சுற்றுப்பாதையில் விழுந்துகொண்டே சுற்றும் செய்மதிக்கு அந்தப் பாரம் உணரப்படுவதில்லை. அங்கே தூக்குநூல் தொங்காது. எனவே அது எல்லாவற்றையும் வெளியிலிருந்தே கேட்டறிய வேண்டும்.

எத்தனை பேரைக் கேட்க வேண்டும்? இதுதான் இப்பொருளின் உயிர்நிலை. நமது பிள்ளைகள் வண்டில் செய்து உருட்டும் பனங்காய் ஒன்றை எடுத்து, அதில் ஒரு நீண்ட குச்சியைக் குத்திக்கொள்ளுங்கள். அக்குச்சியைச் சூரியனை நோக்கிப் பிடியுங்கள். பனங்காயின் நிலை முழுவதும் தீர்ந்துவிட்டதா? இல்லை. குச்சி அசையாதிருக்க, பனங்காய் அதனைப் பற்றி இன்னும் சுழலலாம். இப்பொழுது வேறொரு பக்கத்தில் இரண்டாவது குச்சியைக் குத்தி, அது வடக்கை நோக்க வேண்டும் என்று கட்டளையிடுங்கள். பனங்காய் அசைய வழியில்லை. ஆகவே ஒரு சாட்சி போதாது. இரண்டு சாட்சிகள் வேண்டும். அவ்விரண்டும் ஒரே திசையில் நிற்பவையாக இருத்தலும் ஆகாது. ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்திய இரு குச்சிகள் ஒரு குச்சிக்கே சமானம்.

சிறு செய்மதிகள் பெரும்பாலும் அழைக்கும் முதற்சாட்சி சூரியன். செய்மதியின் ஆறு முகங்களிலும் ஒளிமின்கலங்கள் உள்ளன. சூரியக் கதிர் ஒரு முகத்தில் நேராக விழுந்தால் மின்னோட்டம் முழு அளவாக இருக்கும். 60 பாகை சாய்ந்து விழுந்தாற் பாதியாகும். பாடசாலையிற் கற்கும் கோசைன் விதி இதுவே. மூன்று முகங்களின் மின்னோட்டங்களை ஒப்பிட்டாற் சூரியன் எத்திசையில் நிற்கின்றான் என்பது செய்மதிக்குத் தெரிந்துவிடும். இச்சாட்சி மலிவானது, ஆயினும் குறையற்றதன்று. பூமி தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கைத் தெறித்து அனுப்புகின்றது. அந்த ஒளியும் கலங்களில் விழுந்து, சூரியன் சற்றே இடம்மாறி நிற்பது போலக் காட்டிவிடும். அன்றியும், 92 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் செய்மதி ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 35 நிமிடம் வரை பூமியின் நிழலுள் மறைகின்றது. அப்பொழுது முதற்சாட்சி வாய் திறப்பதேயில்லை.

இரண்டாவது சாட்சி பூமியின் காந்தப்புலம். அது பகலிலும் இரவிலும் உண்டு. செய்மதியிலுள்ள சிறு காந்தமானி, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலும் அப்புலத்தை அளக்கும். அந்த உயரத்தில் அதன் வலிமை ஏறக்குறைய 20,000 தொடக்கம் 50,000 நனோதெஸ்லா வரையாகும். இந்த இடத்தில் நம் நாட்டுக்குரிய செய்தி ஒன்றையும் சொல்லல் தகும். பூமியின் காந்த மத்தியகோடு நமது தீவுக்கும் தென்னிந்தியாவின் தென்முனைக்கும் அண்மையாகச் செல்கின்றது. அதனாலேதான் 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆந் திகதி இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெட் கேரளத்துத் தும்பாவிலிருந்து ஏவப்பட்டது. இப்பகுதியிற் காந்தப்புலம் தரைக்குச் சமாந்தரமாக வடக்கு நோக்கிக் கிடக்கும். துருவத்தை நெருங்க நெருங்க அது நிலத்துட் குத்தென இறங்கும். எவ்விடத்தில் எவ்வாறு இருக்கும் என்பதை விஞ்ஞானிகள் கணித்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வெளியிடுகின்றனர்.

இந்தச் சாட்சிக்கும் ஒரு குறை உண்டு. செய்மதியின் பற்றரியிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் எழும் காந்தமும் காந்தமானியிற் படும். தன் வீட்டுச் சத்தத்தால் வெளியே அழைப்பவன் குரல் கேளாமற் போவது போன்றது இது. 1979இல் அமெரிக்கா ஏவிய மாக்சாற் என்னும் செய்மதி, இச்சத்தத்துக்கு அஞ்சித் தன் காந்தமானிகளை 6 மீற்றர் நீளமான தண்டின் நுனியில் ஏந்திச் சென்றது. பத்துச் சென்ரிமீற்றர்ப் பெட்டிக்கு அவ்வாறு செய்தல் எளிதன்று. ஆதலால், ஏவுவதற்கு முன்பே ஒவ்வோர் உபகரணத்தையும் இயக்கியும் நிறுத்தியும் பார்த்து, அது எழுப்பும் காந்தம் எவ்வளவென்று குறித்துக்கொள்வர். பின்னர் அளவீட்டிலிருந்து அதைக் கழித்துவிடுவர். தன் குறையைத் தானே அளந்து வைத்துக்கொள்ளுதல் என்று இதனைச் சொல்லலாம்.

இவ்விரு சாட்சிகளிலிருந்து தீர்ப்பு எவ்வாறு பிறக்கின்றது? செய்மதி தன் உடலைச் சார்ந்து இரு திசைகளை அளக்கின்றது: ‘சூரியன் என் வலப்பக்கத்தில், காந்தப்புலம் என் முன்பக்கத்தில்.’ நேரமும் இடமும் தெரிந்திருப்பதால், வானத்தைச் சார்ந்து அவ்விரு திசைகளும் எவை என்பதையும் கணிக்கலாம். சூரியனின் திசையை முதல் அச்சாக வைத்துக்கொள்க. சூரியன், காந்தம் ஆகிய இரண்டுக்கும் செங்குத்தாக இரண்டாவது அச்சை எழுப்புக. அவ்விரு அச்சுக்களுக்கும் செங்குத்தாக மூன்றாவதை எழுப்புக. செய்மதியின் கணக்கில் இப்படி ஒரு மூவச்சு. வானத்தின் கணக்கில் இப்படி ஒரு மூவச்சு. ஒன்றை மற்றொன்றின்மேற் பொருத்தும் திருப்பம் எதுவோ, அதுவே செய்மதியின் திசைநிலை. 1964இல் அமெரிக்க அறிஞர் ஹரல்ட் பிளாக் வெளியிட்ட இம்முறைக்கு வேண்டியது, உயர்தர வகுப்பு மாணவர் கற்கும் காவிக் கணிதமே.

இதிலுள்ள ஒரு நுட்பத்தை இளைஞர்கள் கவனித்தல் வேண்டும். திசைநிலையைத் தீர்மானிக்க மூன்று எண்கள் போதும். ஒவ்வொரு சாட்சியும் இரண்டு எண்களைத் தருவதால், இரண்டு சாட்சிகள் நான்கைத் தருகின்றன. ஒன்று மிகுதி. அந்த மிகுதி வீணா? இல்லை, அதுவே குறுக்கு விசாரணை. சூரியனுக்கும் காந்தப்புலத்துக்கும் இடையேயுள்ள கோணம், செய்மதி எப்படித் திரும்பினாலும் மாறாது. அளந்த கோணமும் கணித்த கோணமும் ஒத்திருந்தால் சாட்சிகளை நம்பலாம். ஒவ்வாவிட்டால் எங்கோ பிழை புகுந்துவிட்டது என்பது தீர்ப்பு எழுதுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சாட்சிகள் பலராகி, அவர்தம் சொற்கள் சற்றே முரண்படும்போது என்செய்வது? எல்லாச் சாட்சியும் ஒரே தரத்தினர் அல்லர். 1965ஆம் ஆண்டில் கிரேஸ் வாபா என்னும் பெண்மணி இக்கேள்வியைக் கணித வடிவில் அறிஞர்முன் வைத்தார். பின்னாளிற் புள்ளிவிபரவியலில் உலகப் புகழ் பெற்றவர் அவர். ஒவ்வொரு சாட்சிக்கும் அதன் நம்பகத்துக்கேற்ப ஒரு நிறையைக் கொடுத்து, எல்லாப் பிழைகளின் வர்க்கங்களும் சேர்ந்து மிகக் குறைவாகும் திசைநிலையைக் காண்க என்பதே அவர் வினாவின் சாரம். சில வரிகளில் அடங்கிய அவ்வினாவுக்கு விடையாகப் பின்னர் பல முறைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று, மேற்சொன்ன மாக்சாற் செய்மதிக்காக மல்கம் சுஸ்டர் வகுத்த விரைவான முறை. திருப்பங்களைக் குறிக்க இம்முறைகள் கையாளும் நான்கு எண் கொண்ட கணக்கை, வில்லியம் ஹமில்ற்றன் 1843இலேயே அயர்லாந்தில் கண்டறிந்துவிட்டார். விண்கலம் என்ற எண்ணமே நடைமுறையில் இல்லாத காலத்தில் தோன்றிய கணிதம், நூறாண்டுக்கு மேல் காத்திருந்து விண்கலத்துக்கு வழிகாட்டுகின்றது.

நிழலுள் மறைந்த 35 நிமிடத்துக்கு வழி என்ன? அதற்குச் சுழற்சியை அளக்கும் கருவி ஒன்றைத் துணைக்கொள்வர். கண்ணை மூடிக்கொண்டு, எத்தனை அடி வைத்தோம், எப்பக்கம் திரும்பினோம் என்று எண்ணி நடப்பவன் போன்றது அது. சிறிது தூரம் சரியாகச் செல்லலாம். ஆனால் பிழை கூடிக்கொண்டே போகும். மணிக்குப் பத்துப் பாகை என்னும் சிறு தவறு அதில் உண்டெனக் கொண்டால், நிழலிலிருந்து வெளிவரும்போது ஏறக்குறைய ஆறு பாகை விலகியிருக்கும். ஆகவே எண்ணி நடந்த கணக்கையும் கண்ட சாட்சியையும் தகுந்த அளவிற் கலத்தல் வேண்டும். அவ்வாறு கலக்கும் முறையை 1960இல் ருடோல்வ் கல்மன் வகுத்துத் தந்தார். இம்முறையினால் காந்தமானி ஒன்றைக் கொண்டே சமாளித்தலும் சாத்தியமாகும். செய்மதி செல்லச் செல்லக் காந்தப்புலத்தின் திசை மாறுகின்றது; ஒரே சாட்சி வெவ்வேறு வேளைகளிற் கூறும் சொற்கள், பல சாட்சிகளின் சொற்கள் போலப் பயன்படும்.

எல்லாச் சாட்சிகளிலும் மேலானவை விண்மீன்கள். 1964 நவம்பர் 28இல் செவ்வாயை நோக்கிப் புறப்பட்ட மரினர்-4 விண்கலம், சூரியனை ஒரு சாட்சியாகவும் கனோபஸ் என்னும் விண்மீனை மற்றொரு சாட்சியாகவும் கொண்டது. அந்தக் கனோபஸ், நம் முன்னோர் அகத்தியர் என்று பெயரிட்டு அழைத்த தென்திசை மீனேயாம். முதலில் வேறு மீன்களை அகத்தியர் என எண்ணிப் பற்றிக்கொண்ட அக்கலத்தின் கருவியை, தரையிலிருந்தோர் திருத்தி உரிய மீனைப் பற்றச் செய்தனர். இக்காலத்து விண்மீன் கமராவோ வானத்தின் ஒரு துண்டைப் படம்பிடித்து, அதிலுள்ள மீன்களின் இடைக்கோணங்களைத் தன் அட்டவணையோடு ஒப்பிட்டு, எவை எவை எனத் தானே அறிந்துகொள்ளும். 2017இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட அஸ்தேரியா என்னும் பத்துக் கிலோகிராம் அளவினதான சிறு செய்மதி, விண்மீன்களின் துணையால் அரை விகலை அளவுக்குத் தன் நோக்கைத் தளராது நிறுத்திக் காட்டிற்று. அரை விகலை என்பது, 400 மீற்றருக்கு அப்பால் வைத்த ஒரு மில்லிமீற்றர் பொருள் நம் கண்ணில் அடக்கும் கோணம்.

இவ்வளவு திறம் வந்த பின்பும் அச்சம் நீங்கிவிடவில்லை. யப்பான் 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 17இல் ஏவிய ஹிற்றோமி, சிறு செய்மதியன்று, ஏறக்குறைய 2.7 தொன் நிறையுடைய பெரிய ஆய்வுக்கூடம். மார்ச்சு 26ஆந் திகதி, அது சுழலாமல் நின்றுகொண்டிருந்தபோதே, தான் மணிக்கு ஏறக்குறைய 22 பாகை வீதம் சுழல்வதாகத் தவறாகக் கணித்துக்கொண்டது. விண்மீன் கமராவின் சாட்சி கணக்கில் ஏறாமற் போயிற்று. இல்லாத சுழற்சியை நிறுத்த முயன்றதனால் உண்மையான சுழற்சி உண்டாயிற்று. அதனைத் தடுக்கச் சிற்றுந்திகள் இயங்கின. அவற்றுக்குக் கொடுக்கப்பட்டிருந்த எண்கள் பிழையானவை ஆதலால் சுழற்சி மேலும் விரைந்தது. முடிவில் சூரியத் தகடுகள் பிய்ந்து போயின. ஏப்ரில் 28இல் யப்பானியர் அதனைக் கைவிட்டதாக அறிவித்தனர். அதற்கு முன் கிடைத்த சில வாரங்களில் பேர்சியூஸ் விண்மீன்திரட் கூட்டத்தைப் பற்றி அது அனுப்பிய அளவீடு, அது வாழ்ந்திருந்தால் எவ்வளவு தந்திருக்கும் என்பதை நினைத்து ஏங்கச் செய்வது.

இங்கே கருவி பழுதுபட்டு எல்லாம் கெட்டது என்று சொல்வதற்கில்லை. உள்ளே தோன்றிய ஒரு தவறான மதிப்பீட்டை, வெளியிலிருந்த சாட்சி மறுத்துரைக்க இடமில்லாமற் போனதே முதற் கேடு. திசை தெரியாது என்று அறிந்த செய்மதி, பேசாமற் காத்திருந்து பிழைத்துக்கொள்ளும். தெரியும் என்று தவறாக நம்பிய செய்மதி, தன் வலிமையாலேயே தன்னை முறித்துக்கொள்ளும்.

இளைஞர்களே, 1999இல் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் மாணவரின் பயிற்சிக்கென வகுத்த பத்துச் சென்ரிமீற்றர்ப் பெட்டி, இன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செய்மதிகளாகப் பெருகிவிட்டது. நேபாளமும் பூட்டானும் தம் பிள்ளைகளின் கையாற் செய்மதி செய்து அனுப்பியுள்ளன. நமது பிள்ளைகளாலும் அது ஆகும் என்பதை இராவணா-1 காட்டிற்று. ஆயினும் ஒரு செய்மதியோடு ஒரு நாட்டின் விண்ணறிவு நிறைவடைந்துவிடாது. அது பாடசாலைகளிலிருந்து வளர்தல் வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. உங்களிற் பலருடைய கைத்தொலைபேசிக்குள்ளேயே காந்தமானியும் சுழற்சியை அளக்கும் கருவியும் உள்ளன. ஒரு மரப்பலகையின் நடுவில் ஓர் ஆணியைச் செங்குத்தாக அறைந்து, பலகையை வெயிலில் விருப்பப்படி சாய்த்து வையுங்கள். ஆணியின் நிழல் சூரியனின் திசையைச் சொல்லும். பலகையோடு ஒட்டி வைத்த தொலைபேசி காந்தத்தின் திசையைச் சொல்லும். அந்நேரத்துச் சூரியனின் உயரத்தைப் பஞ்சாங்கத்திலிருந்தோ கணக்கிலிருந்தோ எடுத்துக்கொண்டு, பலகை எப்படி நிற்கின்றது என்று தாளிற் கணித்துப் பாருங்கள். பின்பு பாகைமானி கொண்டு அளந்து சரிபாருங்கள். வந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். ஆணி அசைந்ததா, அருகே இரும்புக் கதிரை இருந்ததா என்று ஆராயுங்கள். செய்மதி செய்வோர் செய்வதும் இதுவேயன்றி வேறில்லை.

பெரியோர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. கணிதம் பரீட்சைக்கு மட்டும் உரியது என்றும், காவியும் கோசைனும் பின்னர் மறந்துவிடத்தக்கவை என்றும் பிள்ளைகள் எண்ணும்படி விட்டுவிடாதீர்கள். அப்பலகைக்கும் ஆணிக்கும் ஒரு மாலைப்பொழுதையும், சங்க மண்டபத்தின் முற்றத்தையும் கொடுத்துதவுங்கள். அங்கே தன் பலகையின் திசையைச் சரியாகக் கணிக்கும் பிள்ளை, 400 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் ஒரு பெட்டியின் திசையையும் ஒருநாள் கணிக்கும்.